பதில் விழும் இடம்

பல்லால் கடித்து கிடார் ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள் அபோண்டி. ஒயரைக் கடிக்காதே என்று போன வாரம்வரை திட்டிக்கொண்டிருந்த அப்பா ஒக்வெனோ, பந்தலின் நடுவே சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். ஊர் வழக்கப்படி ஆண்கள் ஈட்டியும் கேடயமுமாக, மாடுகளை முன்னால் விட்டுக்கொண்டு, சாவை எல்லைக்கு அப்பால் விரட்டப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பியதும் அடக்கம்.

"அந்தக் கிடாரைக் கீழ வைம்மா," என்றார் சித்தப்பா ஒட்டியெண்டே. "எட்டு நரம்பு யாழையே நம்ம பொம்பளைங்க தொட்டதில்ல. இதுல ரெண்டு நரம்பு கம்மி, அவ்வளவுதான். அக்வாண்டா வாசிப்பான்."

"வாசிக்கட்டும் சித்தப்பா. ரெண்டாவது கிடார். இருபது வருஷமா அவர் வாசிக்கிறது அதானே?"

செத்த தலைவரின் குழியருகே முன் கிடார் வாசிப்பவருக்குத்தான் அடுத்து பாட்டுக்குழு. இது அப்பாவின் குழுவில் எழுதாத சட்டம். ஒக்வெனோவும் அப்படித்தான் தலைவரானார். ஆறு வருஷமாக ஏரிக்கரை மதுக்கடையில் அப்பாவின் பக்கத்தில் நின்று வாசித்த அபோண்டிக்கும் அது தெரியும், அக்வாண்டாவுக்கும் தெரியும்.

அக்வாண்டா பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கிடார் மடியில் இருந்தது, ஒயர் மாட்டவில்லை. "அவ முன் கிடார் எடுத்தா நான் தொடமாட்டேன். தனியா வாசிக்கட்டும், பாப்போம்."

அவர்கள் வாசிக்கும் பெங்கா பாட்டில் முன் கிடார் கேள்வி கேட்கும், இரண்டாவது பதில் சொல்லும். பதில் இல்லாவிட்டால் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவள் மாதிரி ஆகிவிடும்.

"ஒரு கை தட்டினா ஓசை வருமா?" சித்தப்பா சிரித்தார்.

அபோண்டிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இவர்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். அப்பாவின் எதிரொலிப் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தாள். சாயம் போன தகரப் பெட்டி, மூன்று திருகுகள். வாசித்த சுரம் எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப வேண்டும், எத்தனை முறை, எவ்வளவு சத்தமாக. அப்பா அதைக் கொஞ்சம் மினுமினுப்புக்கு மட்டும்தான் வைத்திருந்தார். அபோண்டி சத்தத்தை முழுக்க ஏற்றினாள். கேள்வியை அவள் வாசிப்பாள், பதிலைப் பெட்டி சொல்லட்டும்.

ஆரம்பித்தாள். பதட்டத்தில் மேளக்கார ஒச்சோலா தாளத்தை ஓட்டமாய் ஓட்டினான். பெட்டியின் பதில் பிந்தி வந்து அடுத்த கேள்வியின் காலை மிதித்தது. அதற்கடுத்ததும் அப்படியே. எல்லாம் கூழாகிப் போனது.

"யாருடி அது, தகரத்துல சோளம் வறுக்கிறது?" என்று ஒரு அத்தை கேட்க, பந்தலே சிரித்தது.

"பெட்டிக்குக் காது கிடையாதும்மா," என்றார் அக்வாண்டா. "மேளம் ஓடினா நான் கூட ஓடுவேன். அது ஓடுமா?"

அவர் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஊரே இடிந்து விழுந்தாலும் பெட்டி, சொன்ன நேரத்துக்குத்தான் திருப்பிச் சொல்லும். அப்படியானால் நேரத்தை யாராவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்குள் சாவை விரட்டப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். மாட்டு மணி, ஊதுகொம்பு, புழுதி, நூறு ஜோடிக் கால்கள். அந்தக் கால்களோடு சேர்ந்துகொண்டு ஒச்சோலாவின் மேளம் இன்னும் வேகம் பிடித்தது. நிறுத்து என்று சித்தப்பா கை காட்டினார்.

அபோண்டி செருப்பை உதறினாள். கை வாசித்துக்கொண்டிருக்க, கால் கட்டைவிரலை நேரத் திருகின் மேல் வைத்துத் தள்ளினாள்.

பெட்டிக்குள் இருந்த சுரம் வீலென்று மேலே ஏறியது. சத்தம் உள்ளே இருக்கும்போது திருகைத் தொடக்கூடாது, குரல் திரிந்துவிடும் என்பது கிடார் பிடித்த எவருக்கும் தெரிந்த பாலபாடம். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பெண்கள் பக்கம் அதை ஒப்பாரி என்றே எடுத்துக்கொண்டது. சோளம் வறுக்கிறது என்ற அத்தைதான் முதலில் குலவையிட்டாள். பின்னால் அத்தனை பேரும்.

சரி, இனி என்ன! அபோண்டி இன்னும் தள்ளினாள். இன்னும் ஒரு வீறல், இன்னும் ஒரு குலவை. ஓடி வருகிற கால்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் பதில் கச்சிதமாய் வந்து உட்கார்ந்ததும் விரலை எடுத்தாள். இரண்டு கிடார் கேட்டது. ஈட்டிக்காரர்கள் இரண்டாவது ஆளைத் தேடி அக்வாண்டாவைப் பார்த்தார்கள். அவர் இரண்டு கையும் தொடைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரு பாட்டு நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து ஒயரை மாட்டிக்கொண்டு அவள் காதருகே வந்து கத்தினார்: "எங்கடி நுழையறது? எடமே விடலையே!"

"பின்னால நின்னு தாளம் பிடிங்கண்ணே!"

அவர் அவளை முறைத்தார். பிறகு பின்னால் போய் நின்றார்.

பந்தலை ஒட்டி வெட்டியிருந்த குழிக்குள் சவப்பெட்டி இறங்கியது.

"போதும், நிறுத்து. பாதிரியார் ஜெபம் பண்ணணும்," என்றார் சித்தப்பா.

"பண்ணட்டும். நான் நிறுத்தறதா இல்ல."

பாதிரியார் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை உயர்த்தி ஜெபித்து முடித்தார். அப்பாவின் முகத்தை இனிப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நரம்பை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

சித்தப்பா மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். அவள் பக்கமே திரும்பவில்லை. முதல் மண் தாளம் தப்பி விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதிலிருந்து, அவள் கிடார் கேள்வி கேட்கும்போது மண்வெட்டி குவியலுக்குள் இறங்கியது. பதில் வரும்போது மண் விழுந்தது.