இறுக்கும் கை

விடியும் முன்பே அப்பா மூன்றாம் மாடி ஏணியில் இருந்தார். பனியில் நனைந்த இரும்புப் படி. தோளை அறுக்கும் கேபிள் சுருள். வாயில் கவ்விய ஸ்பேனர். கனெக்டரைக் கையால் திருகிவிட்டு, ஸ்பேனரால் கடைசியாக ஒரு கால் சுற்று. அது இல்லாவிட்டால் சிக்னல் கசியும். பக்கத்தில் ஆன்டெனா இருந்தால் அதில் படம் கட்டம் கட்டமாக உடையும். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அந்தக் கால் சுற்று.

அதே கேபிள் ஆபீசில் நான் புகார் போன் எடுக்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டம் "லைன்ல இருங்க" சொல்லப் பயன்படுகிறது.

காசில்லாமல் ஆன்டெனாவிலேயே டிஜிட்டல் சேனல்கள் வருகின்றன, ஜனங்கள் கேபிளை விடுகிறார்கள் என்று முதலாளி லைன்மேன்களின் சம்பளத்தில் கால் பங்கை வெட்டினார். போனில் நான் சொல்ல வேண்டியதோ, "ஆன்டெனாவுல ஒண்ணும் தெரியாதுங்க." இரண்டில் ஒன்று பொய்.

போன வாரம் ஒரே தெருவிலிருந்து ஏழு போன். "ஆன்டெனா படம் உடையுதும்மா, பழையபடி கேபிளே குடுத்துருங்க." மழையில்லை, காற்றில்லை. எனக்கு உறுத்தியது. அப்பாவோடு வேலை செய்யும் நெட்டை லைன்மேனைப் பிடித்தேன். எல்லாருக்கும் அவர் ஒட்டடை, எனக்குச் சித்தப்பா.

"ஆன்டெனா இருக்குற மாடியில மட்டும் கனெக்டரை லூசா விடச் சொல்லியிருக்காரு முதலாளி. உங்கப்பாவுக்குத்தான் கை கேக்கல. பாதி ஏணி இறங்கி, திரும்ப ஏறி இறுக்கிட்டு வர்றாரு."

இதைப் பற்றி அப்பா என்னிடம் மூச்சுவிட்டதில்லை.

மறுநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டார். "உன் தெருவுல மட்டும் ஒருத்தனும் திரும்பி வரலியே, ஏன்?"

"பழக்கம் சார். கை தானா இறுக்கிருது."

"அப்ப அந்தக் கை இனிமே வீட்லயே இருக்கட்டும்."

நான் போனை வைத்தேன். "ஆன்டெனா போட்டியே இல்லன்னா அதை எதுக்கு சார் கெடுக்கணும்? போட்டிதான்னா, ஏணி ஏறுறவங்க சம்பளத்தை எதுக்கு வெட்டணும்?"

"படிச்ச பொண்ணு வாயைப் பாரு."

"இங்க இன்னும் வெட்டாம இருக்கிறது அது ஒண்ணுதான் சார்."

ஏணிகள் சாத்தியிருக்கும் பின்கட்டில் ஆறு லைன்மேன்கள் கூடினார்கள். ஒட்டடை தலையைச் சொறிந்தார். "இலவசம் ஜெயிச்சா நம்ம வயித்துலயும்தானம்மா அடி?"

"ஜெயிக்கலாம் சித்தப்பா, தெரியல. அதைச் சேந்து பாப்போம். ஆனா இந்தக் கெடுதல் பிடிபட்டா மாடியில நிக்கப் போறது யாரு? முதலாளியா, நீங்களா?"

அப்பா இறுக்குவதை முதலாளியிடம் போய்ச் சொன்னவன் இவனோ என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

ஒட்டடை ஸ்பேனரை இடுப்பில் செருகினார். "எந்த மாடியில லூசா விட்டோம்னு எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு?"

மறுநாள் விடியலில் ஏழு ஏணிகள் ஏழு சுவர்களில் சாய்ந்தன. முதலாளி எழுதிக்கொடுத்த புது இணைப்புச் சீட்டுகள் ஆபீசிலேயே கிடந்தன. அப்பாவைத் திரும்ப எடுக்கும்வரை அவற்றை யாரும் தொடுவதில்லை என்று பேச்சு. வேலை போன அப்பாதான் முதலில் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்திருந்த என் பையில் முதலாளியின் அழைப்பு விடாமல் அதிர்ந்தது.

போய்ச் சொன்னவனும் மற்ற ஆறு பேரில் ஒருவனாக இருக்கலாம். இருக்கட்டும், அவனும் இறுக்கட்டும். தலைக்கு மேலே, ஒன்றன்பின் ஒன்றாக, ஸ்பேனர்கள் கால் சுற்று திரும்பும் சத்தம் கேட்டது.