பாட்டை நிறுத்த ஐம்பது ரூபாய்

அப்பாசாமிக்குத் தன் குரலைப் பற்றி ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. மாமல்லபுரத்தில் காலை ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக மறைமலைநகர் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் அவர். கார்த்திகையில் இலங்கையைப் புரட்டிப் போட்ட புயல், போகிற போக்கில் இந்தக் கரையிலும் நாலு நாள் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அதில் பஸ்ஸின் பாட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மெக்கானிக் கையை விரித்த அன்றே, அந்தக் குறையைத் தானே தீர்ப்பது என்று அப்பாசாமி முடிவு செய்தார்.

மறுநாள் பூஞ்சேரி தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பழைய பாட்டை எடுத்தார். பஸ் அப்படியே அடங்கிப்போனது. ஆட்கள் சொக்கிவிட்டார்கள் என்று அவர் நினைத்தார். பின்னால் இருந்த அத்தனை பேரும் இயர்போனைத் தேடி எடுத்துக் காதில் செருகிக்கொண்டது விடியற்காலை மங்கலில் கண்ணாடியில் தெரியவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காருகிறவள் ஜெயப்பிரியா. பிரேக் பாகங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை. ஒரு திங்கட்கிழமை அவள் கையில் காலி பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. மூடியில் நீளமாக ஒரு துளை.

"இன்னாம்மா இது, உண்டியலா?" என்றார் அப்பாசாமி.

"ஆமாண்ணா. நான் போன்ல ஆரி தையல் வேலை கத்துக்கறேன்ல, அந்த கிளாஸ்ல இலங்கையிலேந்து புஷ்பராணின்னு ஒரு அக்கா கீறாங்க. தேயிலைத் தோட்டத்துல வேலை. புயலுக்கு அப்புறம் ஒரு வாரமா பேச்சே இல்ல. நேத்துதான் பேசுனாங்க. மலை சரிஞ்சி வந்து வூட்டையெல்லாம் மூடிச்சாம். இருபத்தேழு குடும்பம் ஸ்கூல்ல படுத்துகினு கீறாங்க."

"ஆளுங்க?"

"ஆளுங்க முன்னாடியே வெளிய வந்துட்டாங்க. ஆனா அடுப்பு, பாய், போர்வைன்னு ஒண்ணும் மிஞ்சல."

செங்கல்பட்டில் ஒரு சங்கம் முறைப்படி அனுமதி வாங்கிக் கப்பலில் நிவாரணப் பொருள் அனுப்பிக்கொண்டிருந்தது. எந்தத் தோட்டம், எத்தனை குடும்பம் என்று எழுதிக் கொடுத்தால் அங்கேயே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பாசாமி முதல் ஆளாக ஒரு நூறு ரூபாயை மடித்துப் போட்டார். அதற்குப் பிறகு டப்பா பஸ்ஸைச் சுற்றி வந்தது, ஆனால் கனம் ஏறவில்லை. சம்பளத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆளுக்கொரு பத்து ரூபாயும் "சம்பளம் வரட்டும் பாப்பா"வும்தான் விழுந்தன. மூன்று நாளில் டப்பாவின் அடிகூட மூடவில்லை.

நாலாம் நாள் காலையில் அப்பாசாமி உச்சஸ்தாயியில் இருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து கிருபாகரன் எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தான். வெல்டிங் பிரிவில் இருப்பவன். சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்து டப்பாவில் திணித்தான்.

"அண்ணாத்த, இத்த போட்டுட்டேன். செங்கல்பட்டு வரிக்கும் கொஞ்சம் பாடாம வா. ஓவர்டைம் பண்ணிட்டு ரெண்டு மணி நேரந்தான் தூங்கிகிறேன்."

பஸ் சிரித்தது. கேலிச் சிரிப்பாக இருந்தால்கூட அப்பாசாமி தாங்கியிருப்பார். அதில் இருந்தது நிம்மதி. அதுதான் சுட்டது. அன்று வழியில் இருந்த ஒரு வேகத்தடைக்கும் அவர் பிரேக்கைத் தொடவில்லை. நாற்பது பேரும் எழும்பி எழும்பி விழுந்தாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. செங்கல்பட்டு வருவதற்குள் இன்னும் ஏழு பேர், 'நாளைக்கும் சேத்து' என்று சொல்லி நோட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இறங்கும்போது ஜெயப்பிரியா டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கி நின்றாள். "மனசுல வெச்சுக்காதீங்கண்ணா."

"மனசுல இன்னா கீது. வண்டி ஓட்டுறவன் வண்டிய ஓட்டணும்," என்றார் அப்பாசாமி, கண்ணாடியைத் துடைத்தபடி.

சாயங்காலம் வீட்டில் டீ ஆறிக் கிடந்தது. கத்தரிக்காய்த் தோட்டத்திலிருந்து வந்த அவர் மனைவி வேண்டா, கிளாசைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார். வேண்டா சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் கத்தரிக்காய்க் கூடையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் பாட்டு அவ்ளோ மோசமாவா கீது?"

வேண்டா யோசித்துப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "மோசந்தான்யா. ஆனா நிறுத்துன்னு நான் என்னிக்காச்சும் சொல்லிகிறேனா?"

"இல்ல."

"காசு கெடைக்கும்னு தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன். இருபத்தாறு வருசம் வீணா பூட்ச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிகினு. அந்தப் பொண்ணு மூணு நாளா டப்பாவ நீட்டிச்சே, எவனாச்சும் போட்டானா? பாடுறவனுக்குப் பாடுனாதான் டப்பு. உனக்குப் பாடாட்டியும் வருது. அத்த வுட்டுட்டு வந்து குந்திகினு கீற."

அப்பாசாமி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

மறுநாள் திருக்கழுக்குன்றத்தில் எல்லோரும் ஏறியதும் அவர் இன்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து, பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றார். "நேத்து அம்பது ரூபாய்க்கு வாய மூடுனேன். இன்னிலேந்து ரேட்டு ஏறிப்போச்சு. ஒரு ஸ்டாப்புக்கு நூறு. டப்பால நூறு வுழலன்னா நான் பாடுவேன். யாருக்காவது பாட்டு கேக்க ஆசையா கீதுன்னா, அவங்க அதுக்கு மேல போடணும். எனக்கு ஒரு பைசா வேணாம். எல்லாம் அந்த ஜனங்களுக்கு. இன்னா சொல்றீங்கோ?"

பஸ் ஒரு நொடி விழித்தது. பிறகு கிருபாகரன் விசில் அடித்தான்.

அன்று செங்கல்பட்டு ரயிலடியில் வழக்கம்போல லக்ஷ்மிநாராயணன் ஏறினார். கணக்குப் பிரிவு மேலாளர். ஏறியதும் மூன்றாவது சீட்டில் சாய்ந்து தூக்கத்தில் வாயைத் திறந்தார் என்றால், கம்பெனி கேட்டில்தான் மூடுவார். டப்பாவை நீட்டியபோதெல்லாம் "ஆபீஸ்ல சர்க்குலர் வரட்டும், பார்க்கலாம்" என்று சொன்னவர். சிங்கப்பெருமாள்கோயில் நெரிசலில் பஸ் நின்றபோது, கடைசி வரிசை தங்களுக்குள் காசைத் திரட்டி இருநூறை முன்னால் அனுப்பியது.

"அண்ணாத்த," என்று கிருபாகரன் குரல் கொடுத்தான். "சார் காதுல நல்லா வுழற மாதிரி."

அப்பாசாமி தலையைத் திருப்பி, மூன்றாவது சீட்டைக் குறிவைத்து எடுத்த எடுப்பிலேயே உச்சியைப் பிடித்தார். லக்ஷ்மிநாராயணன் துள்ளி எழுந்தார். மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது.

"என்ன ஆச்சு, ஆக்சிடெண்டா?"

"இல்ல சார், பாட்டு," என்று ஜெயப்பிரியா விஷயத்தைச் சொல்லி டப்பாவை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முந்நூறு போட்டார். பாட்டு நின்றது. கடைசி வரிசை நானூறு அனுப்பியது. பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "இந்தாங்கோ ஐந்நூறு, இதுக்கு மேல ஒரு சத்தம் வரக்கூடாது," என்றார் அவர். கிருபாகரனின் கூட்டம் பையைத் தடவி உதட்டைப் பிதுக்கியது. அதுவரை சும்மா இருந்த நடுவரிசைப் பெண்கள் பர்ஸைத் திறந்தார்கள். "எங்க பங்குக்கு ஒரு பாட்டு வெய்யிண்ணா." கம்பெனி கேட் வந்தபோது லக்ஷ்மிநாராயணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, நின்றபடி பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

இது ஒரு வாரம் நடந்தது. அப்பாசாமிக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. பாடச் சொன்னவர்களுக்கும் அவர் பாட்டு பிடிக்கவில்லை என்பது தெளிவு. ஆனாலும் பாடினால் கூடவே தாளம் போட்டார்கள், வரி மறந்தால் எடுத்துக் கொடுத்தார்கள். கூடுவாஞ்சேரி ரூட் பஸ்காரர்கள், உங்கள் டிரைவரை ஒரு நாள் மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். விஷயம் மேலே போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் நானூறு பேர் முன்னால் அப்பாசாமி பாட வேண்டும், சேருகிற தொகைக்குச் சமமாக நிர்வாகமும் போடும் என்று தகவல் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. வேண்டா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். மத்தியானத்துக்கும் அதே காற்றுதான்.

கேன்டீனில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெயப்பிரியாவின் காதில் விஷயத்தை ஊதினார். அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கிருபாகரனைக் கூப்பிட்டுச் சொன்னாள். "பாட்டே இல்லன்னா, நிறுத்துறதுக்கு இன்னாத்துக்குக் காசு?" என்று கிருபாகரன் கேட்டதில் நியாயம் இருந்தது.

அப்போது லக்ஷ்மிநாராயணன் தயிர்சாதத்தை முடித்து, கை கழுவி, கைக்குட்டையில் ஒற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "சின்ன வயசுல எனக்கு எட்டு வருஷம் பாட்டு வாத்தியார் ஆத்துக்கே வந்து சொல்லிக் கொடுத்திருக்கார். அப்பாசாமிக்குப் பதிலா நான் பாடறேனே."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. அவர் நாற்காலியில் சம்மணமிட்டு, கண்ணை மூடி, தொடையில் தட்டி ஆரம்பித்தார்.

அப்பாசாமியின் பாட்டு சுருதியைக் கண்டால் ஒதுங்கிப் போய்விடும். லக்ஷ்மிநாராயணன் அதை வழிமறித்து அடித்தார். சோற்றுத் தட்டுகள் மேசையில் அப்படியே நின்றன. முதலில் ஓடியவன் கிருபாகரன், ஒரு நூறு ரூபாயோடு. அவன் பின்னால் வரிசை சேர்ந்தது. கண்ணைப் பாதி திறந்த லக்ஷ்மிநாராயணன், தன்னை நோக்கி வருகிற கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாடினார்.

அந்த முகம் எப்படிப்பட்ட முகம் என்று கேன்டீனில் ஒருவருக்குத்தான் தெரியும். இன்னும் அரை நிமிடம். கிருபாகரன் வாயைத் திறந்து, எதற்காகக் காசு போடுகிறோம் என்று சொல்லிவிடுவான். அப்பாசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பையிலிருந்த இருநூறு ரூபாயை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, ஜெயப்பிரியாவின் காதில் ஏதோ சொன்னார். அவள் அவரை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னாள்:

"டிரைவர் அண்ணா இருநூறு ரூபா போடுறாரு. சார் இன்னொரு பாட்டு பாடணும்னு கேக்குறாரு."

நானூறு பேரும் ஒரே குரலில் முனகினார்கள். லக்ஷ்மிநாராயணன் கண்ணைத் திறந்து, "அப்பாசாமி, நீங்களா," என்றார். உடனே அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். இப்போது வரிசையில் நின்றவர்கள் இருநூறைத் தாண்டினால்தான் நிறுத்த முடியும் என்றாகிவிட்டது. யாரோ தாண்டினார்கள், யாரோ வம்புக்கென்று அதையும் தாண்டினார்கள். பிஸ்கட் டப்பா நிரம்பி, கழுவி வைத்திருந்த சாம்பார் வாளிக்குக் காசு மாறியது. சங்கு ஊதித்தான் பாட்டு ஓய்ந்தது.

பஸ்ஸைப் பார்த்து நடக்கும்போது கிருபாகரன் கூடவே வந்தான். "இன்னாண்ணாத்த, அத்தப் போயி இன்னொண்ணு கேக்குற?"

"நீ போட்ட அம்பது ரூபா இன்னும் நெஞ்சுல குத்திகினு கீதுடா," என்றார் அப்பாசாமி, காற்றாக. "அவுருக்கு எதுக்கு அது."

கிருபாகரன் முன்னால் ஓடிப் போய் பஸ் கதவைத் திறந்து பிடித்தான். "சாரி அண்ணாத்த."

"வுடு. நல்லதுக்குத்தான போட்ட."

அடுப்பும் பாயும் போர்வையும் கப்பலேறிப் போய்ச் சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. மார்கழிப் பனியில் ஒரு காலை, திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஜெயப்பிரியா உட்காரவில்லை. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, புஷ்பராணி அனுப்பிய குரல் பதிவை ஓடவிட்டாள். பின்னணியில் பாத்திரங்களும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன.

"தங்கச்சி, சாமான் எல்லாம் வந்து சேந்திருச்சும்மா. வீட்டுக்கு ஒரு அடுப்பு. ஒருத்தரையும் விடல. பத்த வச்சு எல்லா வீட்டுலயும் மொதல்ல தேத்தண்ணிதான் போட்டோம். சீனி இல்ல, பால் இல்ல. தேயிலைக்கு மட்டும் எங்ககிட்ட பஞ்சமே இல்ல பாருங்க." அந்தப் பெண் சிரித்தாள். அவளோடு சேர்ந்து அங்கே நிறையப் பேர் சிரிப்பது கேட்டது.

"இன்னொரு தபா போடு பாப்பா," என்றார்கள் பின்வரிசையில். அவள் போட்டாள். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு, அப்பாசாமி மணியைப் பார்த்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கியரைப் போட்டு, வண்டியைச் செங்கல்பட்டு ரோட்டில் திருப்பினார்.