தட்டில் ஏறிய தொந்தி

கினுவெ வரைய உட்கார்ந்தபோதே கொதித்துக்கொண்டுதான் இருந்தாள். இனிப்பைத் தொடக்கூடாது என்று மருத்துவர் அவள் கணவன் ஜின்பெய்யிடம் சொல்லி மூன்று நாள்கூட ஆகவில்லை. விருந்தாளிகளுக்கென்று வாங்கி வைத்த மோச்சி, அதாவது பூரணம் வைத்த அரிசிமாவு உருண்டை, எட்டையும் அவன் தீர்த்துக்கட்டியிருந்தான்.

"எலி தின்னிருக்கும்" என்றான், உதட்டில் மாவோடு.

மலைமேல் வெந்நீர் ஊற்று விடுதி நடத்தும் தோமிகோ, வாசலில் வைக்கப் பெரிய குத்தானிப் பீங்கான் தட்டு கேட்டிருந்தாள். அதில் புதையல் கப்பலும் அதிலேறி வரும் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களும் வரையப்பட்டிருக்க வேண்டும். ஆறு பேரை ஒழுங்காக வரைந்த கினுவெயின் கை, தொந்தி குலுங்கச் சிரிக்கும் ஹொத்தெய்யிடம் வந்ததும் சும்மா இருக்கவில்லை. ஜின்பெய்யின் இரட்டை மோவாய், மூக்கோரத்து மரு, உதட்டு மாவு எல்லாம் அதில் ஏறின.

வந்து துடைத்துக்கொள்ளலாம் என்று அவள் கடைக்குப் போன நேரத்தில் ஜின்பெய் தட்டைச் சூளையில் வைத்துச் சுட்டேவிட்டான். விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பானே தவிர, படத்தைப் பார்க்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

வாங்க வந்த தோமிகோ தட்டைப் பார்த்தாள். ஜின்பெய்யைப் பார்த்தாள். "அடியே, இது உன் வீட்டுக்காரர்தானே!"

"மன்னிச்சிருங்கக்கா. வேற வரைஞ்சு தர்றேன்."

"வேறயா? இதைத் தொட்டே, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

ஜின்பெய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான். "மூக்கு கொஞ்சம் பெருசு. ஆனா தெய்வக்களை இருக்குல்ல?"

"ஆமா, மோச்சிக்களை."

ஹொத்தெய்யின் தொந்தியைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று விடுதிக்கு வந்தவர்கள் தட்டிலிருந்த தொந்தியைத் தடவினார்கள். ஒருநாள் அசல் ஆளே பக்கத்தில் போய் நிற்க, அவன் தொந்தியையும் தடவ வரிசை கட்டிவிட்டார்கள். தடவிப் போன ஒருத்தியின் மகள் பரீட்சையில் தேறியதாகக் கடிதம் வந்தது. அதற்குப்பின் ஜின்பெய்யைப் பிடிக்க முடியவில்லை. காலையில் சூளை வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவான்.

"போகலைன்னா ஜனங்க ஏமாந்துடுவாங்கடி!"

ஏற மூன்று கிலோமீட்டர், இறங்க மூன்று. பேருந்துக்குக் காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை.

மேப்பிள் இலைகள் சிவந்த சமயம் தோமிகோ தொலைபேசியில் பொரிந்து தள்ளினாள். "அவருக்குச் சோறு போடறியா இல்லையா? வர்றவங்க தடவிப் பாத்துட்டு, இவர் ஹொத்தெய்யோட தம்பியான்னு கேக்கறாங்க!"

"போடறேங்க்கா, நிறையவே போடறேன்" என்ற கினுவெ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ஜின்பெய் இடுப்பு வாரை இன்னொரு ஓட்டைக்கு இழுத்து மாட்டி, குடையை எடுத்தான். 'பஸ்ஸில் போங்க' என்று அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.