இடைக்கேள்வி

நாணயத்தில் பூ விழுந்திருந்தால் கதையே வேறு. விவாதப் போட்டியின் இறுதிச்சுற்றில் தலை விழுந்தது. தீர்மானத்தை ஆதரித்துப் பேசும் ஆளும் தரப்பு அவளுடைய அணிக்கு வந்தது. தீர்மானம் இதுதான்: நகரப் பேருந்துகளை ஓட்டுநரே இல்லாமல் இயந்திரத்தைக் கொண்டு ஓட்ட வேண்டும் என்று இந்த அவை கருதுகிறது. அடக் கடவுளே, இத்தனை தலைப்பு இருக்க இதுவா வந்து வாய்க்க வேண்டும்! அவளுடைய அப்பா பேருந்து ஓட்டித்தான் அவளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா வரலைல்ல? அப்புறம் என்ன, அடிச்சு விடு" என்றான் அணித்தோழன். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் கல்லூரியே அவனைச் சோடாபுட்டி என்றுதான் கூப்பிடும். அவன் சொன்னதும் நியாயம்தான். இந்த விளையாட்டில் யார் எந்தப் பக்கம் என்பதை நாணயம் சொல்லும், மனசைக் கேட்பாரில்லை. போன சுற்றில் பரீட்சையே கூடாது என்று வாதாடியவள், அதற்கு முந்தைய சுற்றில் பரீட்சை இல்லாவிட்டால் உலகமே இல்லை என்று மேசையைத் தட்டியிருக்கிறாள். அப்பாவை இறுதிச்சுற்றுக்கு வரச்சொல்லி நச்சரித்துப் பார்த்தாள். "லீவு கேட்டா மேனேஜர் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரும்மா" என்று சொல்லிவிட்டார். வராததும் நல்லதுக்குத்தான் என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

எதிர்த்தரப்பில் ஒரு நெட்டைப்பெண் பேசினாள். "பிரேக்கை மிதிக்கும் காலுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான், அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அதனால்தான் மிதிக்கிறான்" என்றாள். அரங்கம் அதிர்ந்தது. சோடாபுட்டி தலையில் கை வைத்துக்கொண்டான். ஆட்டம் கையை விட்டுப் போகிறது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் நாய் மாதிரி அலைந்து வந்து சேர்ந்த இறுதிச்சுற்று. மைக்கைப் பிடித்தபோது அவளிடம் கைவசம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்குத் தெரிந்த ஓர் ஓட்டுநர்" என்று ஆரம்பித்தாள். "நல்லவர். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தவர். தண்ணீர்த்தொட்டி வளைவில் ஒரு நொடி கண் அசந்துவிட்டார். வண்டி நிறைய ஆட்கள். இடது பக்கக் கண்ணாடி விளக்குக் கம்பத்தில் மோதி நொறுங்கியது. அந்த ஒரு நொடிக்கு என்ன பதில்?"

சமையலறையில் தரையில் உட்கார்ந்து அப்பா சொன்ன விஷயம் அது. வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். பெயர் சொன்னால்தானே தப்பு என்று அவள் தனக்குத்தானே ஒரு நியாயம் செய்துகொண்டாள்.

பேசுகிறவரை இடைமறிக்க ஒரு முறை உண்டு. எழுந்து, ஒரு கையைத் தலையில் வைத்து, மறு கையை நீட்ட வேண்டும். பேசுகிறவர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திவிட்டால் மறுபேச்சில்லாமல் உட்கார வேண்டும். எதிர்த்தரப்பில் இரண்டு பேர் எழுந்தார்கள். கடைசி வரிசையிலும் யாரோ தலையில் கையோடு நிற்பது மங்கலாகத் தெரிந்தது. வேகம் பிடித்திருந்த நேரம். பழக்கதோஷத்தில் எல்லோருக்கும் சேர்த்து உள்ளங்கையை அழுத்தினாள்.

"யாரோ கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தார்கள் என்று எழுதிக் கொடுத்தார். வேலை போய்விடும் என்ற பயம். இயந்திரம் தூங்காது, அவையோரே, பொய்யும் சொல்லாது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எதிர்த்தரப்பு உட்கார்ந்துவிட்டது. கடைசி வரிசைக்காரர் மட்டும் கொஞ்சம் தாமதமாக, நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். சீருடை. அப்பா. பக்கத்தில், கைதட்டாமல், தலையைத் திருப்பி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் டிப்போ மேனேஜர்.

சொன்னதைத் திரும்ப வாங்க வழியில்லை, நிறுத்தவும் முடியவில்லை. மணி அடிக்கும்வரை வாய் தன்பாட்டுக்குப் பேசியது.

கோப்பை அவர்களுக்குத்தான். அந்த ஓட்டுநர் உதாரணம்தான் ஆட்டத்தைத் திருப்பியது என்று நடுவர் வேறு புகழ்ந்து தொலைத்தார்.

வாசலில் அப்பாவோடு மேனேஜர் நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, முகத்தில் கோபம்கூட இல்லை.

"நல்லாப் பேசுறம்மா. கல்லெறிஞ்ச கேசு நம்ம டிப்போலயும் ஒண்ணு இருக்கு."

"சார், அது சும்மா... எடுத்துக்காட்டுக்குச் சொன்னது சார்."

"அப்படியா?" என்றவர் அப்பாவிடம் திரும்பினார். "காலைல வண்டி எடுக்க வேணாம். நேரா என்னை வந்து பாருங்க."

"சரிங்க சார்."



வீட்டுக்குப் போகும் பேருந்தில் இருவரும் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கோப்பை அப்பாவின் மடியில் இருந்தது.

"ஏம்பா சொல்லாம வந்தீங்க?"

"உன்னைப் பத்தி டிப்போ முழுக்கப் பீத்திக்கிட்டு இருந்தேன்ல. அவரே லீவு குடுத்து, வாங்க நானும் வரேன்னு கூட்டிட்டு வந்தாரு." மடியில் கோப்பையைத் திருப்பி வைத்தார். "கையத் தலைல வச்சா நிறுத்துவாங்கன்னு பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். சரியாத்தானே வச்சேன்?"

"சரியாத்தான்பா வச்சீங்க."

அதற்குமேல் அழுகையை அடக்க அவளால் முடியவில்லை. அப்பா கோப்பை சரியாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

தண்ணீர்த்தொட்டி வந்தது. ஓட்டுநர் இளவட்டம், வேகத்தைக் குறைக்காமல் வளைவுக்குள் நுழைந்தான். அப்பாவின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வளைவு முடிந்த பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.