ஓரினுக்கு நான் சொன்ன பிரஸ்

1

இந்தக் கதை ஒரு முடிதிருத்தும் நாற்காலியில் பிறந்தது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவற்றை ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

"ஓரின் ட்வைட்டின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான்." (ஆர்ப்பாட்டம். அடித்துவிட்டேன்.)

"மொன்டானாவில் மார்ச் மாதத்துப் பனி உருகத் தொடங்கும்போது" (பனி எப்படியாவது உருகட்டும். அடித்துவிட்டேன்.)

"இருநூறு டாலருக்குள் முதல் பிரஸ் வாங்குகிறவர் எதை வாங்க வேண்டும்?" (இது கட்டுரைக்கான வரி. ஆனால் ஓரின் என்னிடம் கேட்டது இதைத்தான். இருக்கட்டும்.)

2

ஓரின் எங்கள் ஊர் முடிதிருத்துபவர். நான் எதிர்க்கடையில் மருந்தாளுநர். நான் அமெரிக்காவில், மொன்டானாவின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வியாழன்தோறும் சாயங்காலம் ஓரின் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்த் தன் ரிவால்வரால் சுடுவார். கடையில் தோட்டா விலை ஏறிக்கொண்டே போனது. இங்கே நிறையச் சுடுகிறவர்கள் சுட்டு முடித்ததும் குனிந்து காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்குவார்கள். வீட்டில் அதற்குள் மறுபடி வெடிமருந்து போட்டு, குண்டைச் சொருகி, புதுத் தோட்டாவாக்கிவிடுவார்கள். அதற்கான கைப்பிடி இயந்திரம்தான் பிரஸ்.

அது இரண்டு வகை. ஒற்றை பிரஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும், ஆமை. சுற்றுத்தட்டு பிரஸ் எல்லா வேலையையும் ஒரே சுற்றில் செய்யும். முதல் பிரஸ் ஒற்றையாகத்தான் இருக்க வேண்டும் என்று கிளப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் என்னைக் கேட்டார்.

"நாள் பூரா மருந்து நிறுக்கறவன் நீ. உன்ன விட்டா யாரக் கேக்கறது?"

(நாங்கள் இருவரும் நீ, வா, போதான். எழுதும்போது மட்டும் 'அவர்' என்று வருகிறது. தப்பு செய்தவனுக்கு மரியாதை தானாக வந்துவிடும் போலிருக்கிறது.)

கிளப்பில் சுட்டுவந்த ஹாகன் இறந்துபோனார்; ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டில் சாமான்களை விற்றார்கள். கார் கொட்டகையில் இரண்டு பிரஸ் இருந்தன. ஒன்று பச்சை நிறம், பழைய வார்ப்பிரும்பு, ஒற்றை, எண்பது டாலர். மற்றது சுற்றுத்தட்டு, நூற்றைம்பது. ஓரின் பச்சையின் கைப்பிடியை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சுத்துத்தட்டே எடு ஓரின். ஒரு மணி நேரத்துல இருநூறு போடலாம். நாள் முழுக்க நின்னுட்டு வர்றவன், ராவுக்கு ஒவ்வொண்ணா உருட்டிட்டிருப்பியா?"

எடுத்தார். பச்சையை யாரோ ஒருவர் வாங்கிப்போனார்.*

* அந்த யாரோ ஒருவர் விஷயத்துக்கு நான்காம் பகுதியில் வருகிறேன். வருவேன்.

3

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வெடிமருந்து போடுகிறவனோடு யாரும் பேசக் கூடாது. ஓரினின் மனைவி மார்லிஸ்கூடச் சாப்பிடக் கூப்பிட வந்தால் வாசலிலேயே நிற்பாள். கைப்பிடியை விட்டுவிட்டு அவர் திரும்பினால்தான் வாய் திறப்பாள்.

ஞாயிறு மதியம் அவர் புது பிரஸ்ஸின் முன் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியை இழுத்தால் கூட்டுக்குள் மருந்து விழும். பிறகு அடுத்த கூடு வர, தட்டைக் கையால் நகர்த்த வேண்டும். இழுத்தார், விழுந்தது. அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு நிமிஷம் பேசினார். வைத்துவிட்டு வந்து மறுபடி இழுத்தார். தட்டு நகர்ந்திருக்கவில்லை; அதே கூட்டில் மறுபடி மருந்து விழுந்தது.

அவருடைய தோட்டாவுக்குக் கூடு பெரிது, மருந்து கொஞ்சம்தான். இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது. மேலே குண்டு உட்கார்ந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒற்றை பிரஸ் என்றால் ஐம்பது கூடுகளையும் குழிப்பலகையில் நிறுத்தி, மருந்து போட்டு, டார்ச் அடித்து வரிசையாக எட்டிப் பார்த்திருப்பார். ஒன்றில் மட்டும் மட்டம் உயர்ந்திருந்தால் குழந்தைக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பதினோராவது குண்டில், இரட்டை மருந்து தாங்காமல் ரிவால்வர் வெடித்தது. வலது கையின் பெருவிரலும் அதற்கடுத்ததும் போயின. முப்பது வருஷம் கத்தரி பிடித்த கை.

வேறு முடிவுகளும் எழுதி வைத்திருக்கிறேன்:

(அ) போன் அடிக்கவே இல்லை.

(ஆ) நான் "பச்சைய எடு" என்கிறேன்.

(இ) ஓரின் போனை எடுத்துப் பார்க்கிறார், "மருந்து போட்டுட்டிருக்கேன்" என்று துண்டித்துவிடுகிறார்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். ஆனால் அந்த அழைப்பை அவர் துண்டித்திருக்க மாட்டார், ஏனென்றால் அது

4

என் அழைப்பு.

சொல்லிவிட்டேன். மிச்சத்தையும் சொல்கிறேன். பத்து வருஷமாக ஒரு தகர டப்பா மாதிரியான பிரஸ்ஸில் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சை இரும்பைப் பார்த்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஓரின் அதன் கைப்பிடியைத் தொட்டபோது வயிறு எரிந்தது. அதனால்தான் சுற்றுத்தட்டு. அவரை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி, எண்பது டாலர் கொடுத்து நானே வாங்கி வந்தேன்.

மறுநாள் அது என் மேஜையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. "நல்ல சாமானாத்தான் சொன்ன" என்று ஓரின் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்கும் என்று தோன்றியது. வழக்கம் எனக்குத் தெரியாதா? ஞாயிறு மதியம் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்றும் தெரியும். இருந்தும் கூப்பிட்டேன்.

"அருமையா ஓடுது. நல்ல வேள, நீ சொன்ன."

நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த நிமிஷம்தான் அவர் இரண்டாவது முறை இழுத்திருப்பார்.

கேட்பவர்களிடமெல்லாம் ஓரின், போனை எடுத்தது தன் தப்பு என்றுதான் சொல்கிறார். யார் போன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பச்சையைப் பற்றி அவருக்குத் தெரியாது. அதில் நான் இன்றுவரை ஒரு தோட்டாகூடப் போடவில்லை.

5

போன மாதம் முடி வெட்டிக்கொள்ளப் போனேன். இப்போது இடது கைதான், மெஷின் மட்டும்தான். பாதிப் பேர் பக்கத்து ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

"ஆடாத. இடது கை இப்பத்தான் ஒண்ணாங்கிளாஸ் படிக்குது" என்றார். காதோரம் ஓட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "மறுபடி தோட்டா போடலாம்னு இருக்கேன். மார்லிஸ்கிட்ட மூச்சு விடாத. இந்தத் தடவ ஒத்த பிரஸ்தான். ஹாகன் வீட்ல பச்சையா ஒண்ணு இருந்துச்சே, யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா?"

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. என் முகமும் தெரிந்தது. நான்

(இந்த வாக்கியத்தை ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். நடந்தது இதுதான்.)

"தெரியல" என்றேன்.

"எவனோ, குடுத்து வெச்சவன்."

6

இதை ஆங்கிலத்தில் மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் பச்சை என்ற இடத்தில் நின்றுவிட்டது. தமிழில் கடகடவென்று ஓடியது. ஏன் ஓடாது? இந்த வட்டாரத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்காத மொழியாகப் பார்த்து அழுதிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. போன வாரம் காபி குடிக்கும்போது ஓரினிடம், ஒரு பிரஸ்ஸைப் பற்றித் தமிழில் கதை எழுதுகிறேன் என்று உளறிவிட்டேன்.

"நான் அதுல வர்றனா?"

"வர்ற."

"அப்ப முடி வெட்ட வரும்போது எடுத்துட்டு வா. நீ வாசிச்சு, ஒவ்வொரு வரியா என்னன்னு சொல்லு. அவசரம் ஒண்ணுமில்ல, எனக்கு இப்ப ஒரு தலைக்கு ஒரு மணி நேரம் ஆகுது."

வியாழன் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். பச்சை பிரஸ் மூன்று வாரமாக என் வண்டியின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நான்காம் பகுதியை இரண்டு தாளாகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் படித்தாலும் கதை ஒழுங்காகத்தான் போகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன். நட்பும் அப்படியே இருக்கும். அந்த இரண்டு தாளில் என்ன இருந்தது என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இன்று வியாழன். நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. கழுத்தில் துணி கட்டிவிட்டார். மூன்றாம் பகுதி முடிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு, "யாரு போன் பண்ணாங்கன்னு அதுல இருக்கா?" என்று கேட்கிறார்.

அந்த இரண்டு தாளும் என் மடியில்தான் இருக்கின்றன. நான்