பதினெட்டு நாள் மூத்தவள்

ஊர் நடுவே இருந்த மைதானத்தை லாரி நிறுத்துமிடமாக மாற்றுவதென்று தலைவர் முடிவு செய்தபோது யாரையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவருடைய மைத்துனரிடம் ஆறு லாரிகள் இருந்தன, ஊரில் ஒரு காலி நிலம் இருந்தது, அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? தினமும் சாயங்காலம் அங்கே பிள்ளைகள் பந்து உதைப்பதை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

நர்ஸம்மா நினைத்தாள். பதினாறு வருஷமாக ஊர் சுகாதார நிலையத்தில் ஊசி போடுகிறவள், பிரசவம் பார்க்கிறவள், அந்த மைதானத்தில் சிராய்த்த முழங்கால்களுக்கெல்லாம் மருந்து வைத்துக் கட்டுகிறவள். நல்ல மனுஷிதான். ஆனால் கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும். அவள் நேராக வட்டார அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். மாத முடிவுக்குள் முறைப்படி பதிவான விளையாட்டுக் குழு ஒன்று ஊரில் இருந்தால் அந்த நிலம் விளையாட்டுக்குத்தான், இல்லாவிட்டால் தலைவர் இஷ்டம் என்றார்கள். பதிவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். பெரியவர் ஒருவர் பயிற்சியாளராக இருக்க வேண்டும், பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பதினொரு பேர் வேண்டும், ஒவ்வொருவருக்கும் பெற்றோர் கையெழுத்தும் வயதுச் சான்றும் வேண்டும். பத்து பேர் என்றால் வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பயிற்சியாளர் கிடைப்பதில் சிரமம் இருக்கவில்லை. வெல்டர் இளவயதில் பந்து ஆடியவர். பழைய தண்ணீர்க் குழாய்களை ஒட்டவைத்து இரண்டு கோல் கம்பங்களும் அவரே செய்து நட்டார். பெற்றோர்கள்தான் பின்வாங்கினார்கள். கையெழுத்துப் போடுகிறவர்களை நான் மறக்கமாட்டேன் என்று தலைவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். நர்ஸம்மா வீடு வீடாக ரத்த அழுத்தம் பார்க்கக் கிளம்பினாள். இடது கையில் பட்டையைச் சுற்றி இறுக்கிக் காற்றடித்துவிட்டு, வலது கையில் பேனாவைக் கொடுப்பாள். அந்த நிலையில் எழுந்து ஓடவும் முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாது. இப்படிப் பத்துக் கையெழுத்து வாங்கினாள். பதினொன்றாவது அவளுடையது, தன் மகளுக்காக.

மகள்தான் கேப்டன். அவள் பந்தை வாங்கிக்கொண்டு திரும்புகிற வேகத்தில் பையன்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உண்மையில் பன்னிரண்டாவதாக ஒரு பையனும் இருந்தான். தலைவரின் பேரன். தாத்தாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்ட அடுத்த நிமிஷம் மாயமாகிவிடுவான் என்பதால் அவனுக்கு ஆவி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் வீட்டில் கையெழுத்துக் கேட்க நர்ஸம்மாவுக்கே தைரியம் வரவில்லை.

பதிவு செய்ய அதிகாரி வந்த அன்று, காலையிலிருந்தே ஒரு லாரி மைதானத்துக்குள் கோல் கம்பத்தை அடைத்தபடி நின்றது. டிரைவர் உள்ளே கால் நீட்டிப் படுத்திருந்தார். சுகாதார நிலைய வராந்தாவில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், பின்னால் பாதி ஊர் நின்றது. தலைவர் தனக்கென்று ஒரு நாற்காலி வரவழைத்துக்கொண்டார்.

அதிகாரி சான்றுகளைப் புரட்டினார். முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், மறுபடி முதல் தாளுக்கு வந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதென்னங்க, பதினொரு பேரும் ஜூன் ஒண்ணாம் தேதியில பொறந்திருக்காங்க?" என்றார்.

ஊருக்கு இது புதிதில்லை. பழைய தலைமையாசிரியர் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் பிறந்த தேதியெல்லாம் கேட்டு மெனக்கெடமாட்டார். பிள்ளை தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்க்காதைத் தொட்டுவிட்டால் வயது சரி. அன்று பள்ளி திறக்கும் நாள், ஜூன் ஒன்று. அதையே பிறந்த நாளாக எழுதிவிடுவார். வருஷம் அவர் குத்துமதிப்பு. இரண்டு தலைமுறையாக அந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வயது ஏறியது. அதில் யாரும் ஒரு குறையும் காணவில்லை.

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நர்ஸம்மா, நீதானே இதுங்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்தே? ஒரே நாள்ல பதினொண்ணா? கை வலிச்சிருக்குமே" என்றார்.

கூட்டம் சிரித்தது. தங்கள் வீட்டில் அவள் கொடுத்த பேனாவைப் பிடித்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதுதான் நர்ஸம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பள்ளிக்கூடத்துத் தேதி தப்பு. சரியான தேதி எங்கிட்ட இருக்கு. ஒவ்வொரு பிள்ளையும் எந்த நாள், எத்தனை மணி, என்ன எடைன்னு என் கையால எழுதின பிரசவப் பதிவேடு இருக்கு. கொண்டு வர்றேன். அதுல இருக்கறதை ஏத்துக்குவீங்களா சார்?" என்று கேட்டாள். அரசாங்கப் பதிவேடு என்றால் பள்ளிச் சான்றைவிட மேல் என்றார் அதிகாரி.

வீராப்பாகத்தான் உள்ளே போனாள். பீரோவைத் திறந்து பதிவேட்டைக் கையில் எடுத்த பிறகுதான் மூளை வேலை செய்தது. பதினான்கு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்றுக்கு முன்னால் பிறந்தவர்கள் இந்த ஆண்டுப் பட்டியலில் வரமுடியாது. அவள் மகள் பிறந்தது டிசம்பர் பதினான்கு.

அது அவளுக்குத் தெரியாத விஷயமா? வலியெடுத்துப் பெற்றவள் அவள். பெற்ற மூன்றாம் மணி நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து தன் கையாலேயே பதிந்தவளும் அவள். மகளைப் பள்ளியில் சேர்த்த அன்று வேறொரு வீட்டில் பிரசவம். பஸ் ஓட்டும் கணவர்தான் கூட்டிப்போனார். தேதியைத் திருத்த வேண்டும், திருத்த வேண்டும் என்று எட்டு வருஷம் தள்ளிப்போட்டாள். படிவம் நிரப்பியபோது, எல்லோரும் பள்ளித் தேதியைத்தானே எழுதுகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினாள். இப்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

பக்கத்தைப் பிரித்தாள். பழைய தாள், ஓரமெல்லாம் கரையான் தொட்டது. மெல்ல இழுத்தாலே கையோடு வந்துவிடும். கரையான் தின்றுவிட்டது என்றால் நம்பாதவர் யாரும் இல்லை. வாசலில் நிழல் தட்டியது. மகள் நின்றாள். தாயின் விரல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பதினெட்டு நாள்தானேம்மா," என்றாள்.

நர்ஸம்மா பதிவேட்டை மூடினாள். பதினெட்டு நாள்தான். ஆனால் இந்த ஒரு பக்கம் பொய்யானால் மற்றப் பத்துப் பக்கமும் பொய்யென்று அந்த மனுஷன் நிரூபிக்காமல் விடமாட்டார். அதைவிட, சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு நியாயமாகிவிடும். "உனக்குக் கோபம் வந்தா எங்கிட்ட காட்டு. நான் மறைக்கப் போறதில்லை" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒவ்வொன்றாகப் படித்தாள். தேதி, மணி, எடை. கூட்டத்தில் சிரிப்பு அடங்கி, தாய்மார்கள் தலையாட்டத் தொடங்கினார்கள். ஆமாம், அன்றைக்கு நல்ல மழை. ஆமாம், இவன் இரண்டே கிலோ. பத்துப் பேருக்கும் வயது சரியாக இருந்தது. பதினொன்றாவதையும் அதே குரலில் படித்தாள். டிசம்பர் பதினான்கு, காலை ஆறரை, மூன்று கிலோ. "இது என் மகள். பதினெட்டு நாள் கூடப்போச்சு. தெரிஞ்சேதான் தப்பாக் குடுத்தேன். அவ பேரை அடிச்சுடுங்க சார்" என்றாள்.

அதிகாரி பேனாவால் ஒரு கோடு இழுத்தார். தலைவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். பத்துப் பேரை வைத்துக்கொண்டு பல்லாங்குழி ஆடலாம், அதற்கு மைதானம் எதற்கு என்று கேட்டார். யார் முகத்திலும் ஈயாடவில்லை. வெல்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கம் தள்ளிப் பாருங்க நர்ஸம்மா. எம்புள்ளையும் அதுல இருப்பான்."

கூட்டத்தின் பின்னாலிருந்து வந்த குரல் தலைவரின் மருமகளுடையது. அந்த வீட்டில் அவள் குரலை வெளியாள் கேட்டதே அபூர்வம். மகனின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். நர்ஸம்மா பதிவேட்டை மறுபடி பிரித்தாள். இரண்டு பக்கம் தள்ளினாள். மார்ச் ஒன்பது, பகல் பன்னிரண்டு. பருவம் தப்பிப் பெய்த மழையில் பாதையில் வெள்ளம் ஏறி வண்டி எதுவும் வராமல் போன நாள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்த பிரசவம். வயது கச்சிதமாக உள்ளே இருந்தது.

தலைவர் குரலை உயர்த்தவில்லை. "வீட்டுக்குப் போம்மா," என்றார்.

"போறேன் மாமா. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

போட்டாள். அழுத்திப் போட்டதில் கீழேயிருந்த தாளிலும் தடம் விழுந்தது. அதிகாரி முத்திரையை ஊதி ஓங்கிக் குத்தினார். பிள்ளைகள் கத்திய கத்தலில் மகள் மட்டும் சேரவில்லை. அவள் மேசை ஓரமாக நின்று படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா அவள் பக்கம் பார்க்கவே பயந்தாள். ஊரை ஜெயித்துவிட்டு, பெற்ற பிள்ளையிடம் தோற்றுவிட்டோமே என்று நினைத்தாள்.

"சார், உதவிப் பயிற்சியாளர்னு ஒரு இடம் காலியா இருக்கே. அதுக்கு எத்தனை வயசு இருக்கணும்?" என்றாள் மகள்.

அதிகாரி விதிப் புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். பயிற்சியாளருக்குத்தான் வயது சொல்லியிருந்தது. உதவிப் பயிற்சியாளரைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. "ஒண்ணும் போடலையேம்மா," என்றார்.

அவள் பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினாள். பிறந்த தேதி என்ற இடத்தில் டிசம்பர் பதினான்கு என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தாயை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது. "அடுத்த வருஷம் பெரிய பிள்ளைங்க டீம் ஒண்ணு தொடங்கணும். நீதான் பதினொரு பேர் பிடிச்சுத் தரணும்" என்றாள். நர்ஸம்மா தலையாட்டினாள்.

பிறகு பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினாள் மகள். பதினொரு பேரும் பின்னால் போனார்கள். ஆவி பழக்க தோஷத்தில் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தான். "ஆவி, இடது பக்கம் போய் நில்லு. இனிமே ஓடினா பந்தோட ஓடணும்" என்று அதட்டினாள். அவன் போய் நின்றான். அவள் லாரியின் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, வண்டியை எடுங்க. எங்களுக்குப் பயிற்சி இருக்கு."

டிரைவர் எழுந்து உட்கார்ந்து தலைவரைப் பார்த்தார். தலைவர் இடது பக்கம் நின்ற பேரனைப் பார்த்தார். பையன் இந்தத் தடவை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தலைவர் கையை லேசாக ஆட்டினார். லாரி இரண்டு தடவை இருமிவிட்டுப் பின்னால் நகர்ந்தது. அது வெளியே போகும்வரை அவள் பந்தைக் கீழே வைக்கவில்லை.