மடித்து வைத்த பக்கம்

பூட்டை உடைக்கத்தான் வேண்டியிருந்தது. சாவி எங்கே என்று பள்ளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. தேட வேண்டுமென்று எவருக்கும் தோன்றியதுமில்லை. கண்ணாடி அலமாரிக்குள் கதைப்புத்தகங்கள் கசங்காமல், கறைபடாமல், குற்றம் ஏதும் செய்யாமலே சிறையிருந்தன. தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்று அவற்றை மீட்டவர் எட்டாம் வகுப்பு ஆசிரியை. அவருடைய குரல் வளத்துக்காகப் பிள்ளைகள் இட்ட பெயர் 'மைக் டீச்சர்'.

"கிழிஞ்சா யாரும்மா பதில் சொல்றது?"

"கிழியட்டும் சார். யாராவது படிச்சாத்தானே கிழியும்!"

சில நாள் மொய்த்த கூட்டம் பிறகு விளையாட்டுத் திடலுக்கே திரும்பிவிட்டது. எஞ்சியவள் ஒருத்தி. வாய் திறவாதவள்; வகுப்பில் அவளைப் 'பூனை' என்பார்கள். மதிய இடைவேளையில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு படிப்பாள். ஒருநாள் படித்துக்கொண்டிருந்தவள் தன்னை மறந்து கலகலவென்று சிரித்துவிட்டாள். அது ஆசிரியையின் காதில் விழுந்தது. இந்த ஒரு பொறி போதாதா, பள்ளி முழுவதும் பற்றிக்கொள்ள?

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளை மேடையேற்றி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"என்ன கதை படிக்கிறேன்னு சொல்லும்மா. அதுல என்ன நீதி இருக்குன்னும் சொல்லு."

சிறுமி பாவாடையின் நுனியை முறுக்கினாள். அவளுடைய மூச்சு மட்டும் திடலெங்கும் பெரிதாகக் கேட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "மியாவ்!" சிரிப்பு அலையாய் எழுந்தது.

அன்று மதியம் அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நடுவில் ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருந்தது.

"முடிக்கலையேம்மா? நீயே வச்சுக்கோ."

"வேணாம் டீச்சர். நீங்க மறுபடியும் கேப்பீங்க."

சிறுமி போன பின்பு ஆசிரியை, பூட்டில்லாத அந்த அலமாரியை வெகுநேரம் பார்த்திருந்தார்.

மறுநாள் முதல் இடைவேளைகளில் ஆசிரியையே அந்த இடுக்கில் தரையில் அமர்ந்து படித்தார். எவரையும் அழைக்கவில்லை. மடித்த பக்கத்தை நிமிர்த்தாமல், அந்தப் புத்தகத்தைக் கைக்கெட்டும் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். நாட்கள் வெறுமனே போயின. ஒரு மதியம் கதையில் ஏதோ ஒரு வரி; அடக்க மாட்டாமல் வாய்விட்டுச் சிரித்தார்.

வாசலில் காலடி ஒன்று நின்றது.

'வாம்மா' என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, நிமிர்ந்து பாராமல், சுவரோரம் சற்றே நகர்ந்து இடம்விட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.